வாரத்துக்கு விட்ட மிஷின்

மழை பெய்தால்கூட யார் சொல்லி இது பெய்கிறது என்று அண்ணாந்து பார்க்கிற ஊர் எங்களுடையது. பஸ் நேரத்துக்கு வந்துவிட்டால் டிரைவர் வீட்டில் ஏதோ விசேஷம் என்போம், நேரம் தப்பி வந்தால் வேண்டுமென்றே செய்கிறான் என்போம், வராமலே போனால் நாங்கள் நினைத்தது சரிதான் என்று ஒருவித திருப்தியோடு வீட்டுக்குத் திரும்புவோம். மலையடிவாரத்தில் புளியமரமும் பாறையுமாகக் கிடக்கிற கோணப்பாறைக்கு வெளியிலிருந்து யாராவது சும்மா வந்து சிரித்தால், அவர் போன பிறகு நாங்கள் கோழிகளை எண்ணிப் பார்ப்போம்.

எங்கள் வழக்கங்களும் அப்படித்தான். ஆடு வைத்திருந்து மேய்க்க முடியாதவர் அதை இன்னொருவரிடம் வாரத்துக்கு விடுவார். வளர்க்கிறவர் தழை ஒடித்துப் போட்டு, தண்ணீர் காட்டி, பனிக்குச் சாக்கு போர்த்தி வளர்க்க வேண்டும். தலையீத்துக் குட்டி, அதாவது முதல் பிரசவத்தில் பிறக்கிறது, வளர்த்தவருக்கு, அடுத்த ஈத்து உடையவருக்கு, அதற்கடுத்தது மறுபடி வளர்த்தவருக்கு, தாய் எந்நாளும் உடையவருக்கு. ஆடு செத்துப்போனால் வளர்த்தவர் அதன் தோலையும் இரண்டு காதையும் கொண்டுவந்து காட்ட வேண்டும், ஏனென்றால் வேறெந்த ஆட்டுத் தோலையாவது வாங்கிக் காட்டிவிட்டு எங்கள் ஆட்டைச் சந்தையில் தள்ளியிருந்தால் என்ன செய்வது, காதில்தானே உடையவர் போட்ட அடையாளம் இருக்கிறது. அதனால் நாங்கள் காதையும் கேட்போம்.

இப்படிப்பட்ட ஊருக்கு, புளி உலுக்குகிற ஒரு மாசி மாதத்தில், டவுனிலிருந்த ஏதோ ஒரு மையத்தின் ஜீப் வந்தது. அதிலிருந்து இறங்கியவர் பெயர் தணிகைவேல். செங்கல்பட்டுப் பக்கத்து ஆள், சின்ன வயசு, சட்டையை உள்ளே விட்டிருந்தார், எங்களைப் பார்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்பே எங்களுக்குப் பிடிக்கவில்லை. ஜீப்பின் பின்னாலிருந்து நான்கு பேர் சேர்ந்து ஒரு மிஷினை இறக்கினார்கள். நீலப் பெயின்ட் அடித்த தகர உடம்பு, இரும்புக் கால்கள், கீழே மிதிகட்டை, மேலே புளியைக் கொட்டுகிற அகலமான வாய், வாயின் இரண்டு பக்கமும் காது மாதிரி இரண்டு கைப்பிடி.

“கிராமத்துல இருக்குற சின்னத் தொழிலுக்கு ஏத்த தொழில்நுட்பம் இது. கரண்டு வேணாம், டீசல் வேணாம். மிதிச்சா போதும். கொட்டை ஒரு பக்கம் வரும், புளி ஒரு பக்கம் வரும்” என்றார் தணிகைவேல்.

“கரண்டு வேணாம்னா ஏன் வேணாம்?” என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டார்.

“இதுல உங்களுக்கு என்னா கெடைக்கும்?” என்று இன்னொருவர் கேட்டார்.

“எனக்கு ஒண்ணும் கிடைக்காதுங்க. சும்மாதான்.”

அந்தச் சும்மா என்ற சொல்லைக் கேட்டதும் கூட்டம் ஓரடி பின்னால் நகர்ந்தது. எங்கள் ஊரில் சும்மா கிடைத்தது எதுவும் நல்லபடியாக முடிந்ததாக யாருக்கும் நினைவில்லை.

கூட்டத்தின் ஓரத்தில் பஞ்சவர்ணம் நின்றிருந்தாள். ஊரின் எல்லாப் பெண்களையும்போல அவளும் சௌந்தரபாண்டி முதலாளியின் புளி குடோனில் தரையில் உட்கார்ந்து, சின்ன இரும்புக் கம்பியால் தட்டித் தட்டிக் கொட்டை எடுக்கிறவள். புளி அவள் விரல்களைத் தின்றிருந்தது. நுனித் தோல் உரிந்து சிவந்து கிடக்கும், சோற்றில் உப்பு பட்டால் சுள்ளென்று ஏறும், அதனால் அவள் கரண்டியால்தான் சாப்பிடுவாள். கரண்டியால் சாப்பிடுகிற பவுசைப் பார் என்று சொந்தக்காரர்களே பேசினார்கள். போன வருஷம் அவளுடைய ஆடுகள் எல்லாம் நோயில் போய்விட்டன, வீட்டுக்குப் பக்கத்தில் ஆட்டுக் கொட்டம் காலியாகக் கிடந்தது. அவள் ஆசைப்பட்டது ஒன்றே ஒன்றுதான். அந்தக் கொட்டத்து நிழலில், முதலாளியின் தொண்டைச் செருமல் காதில் விழாமல் வேலை செய்ய வேண்டும், பிறகு கை எரியாமல் சோறு பிசைந்து தின்ன வேண்டும்.

தணிகைவேலின் போன் அடித்தது. அவர் அதைக் காதில் வைத்துக்கொண்டே, “சரிங்க, யாராவது ஒருத்தர் எடுத்துக்கங்க. வாரத்துக்கு விட்டுட்டுப் போறேன். ஓட்டிப் பாருங்க, அப்புறம் வந்து பேசிக்கலாம்” என்றார்.

கூட்டம் ஓரடி முன்னால் நகர்ந்தது. அதுவரை அவர் பேசியதில் எங்களுக்கு முழுசாக விளங்கிய ஒரே சொல் அதுதான்.

“வாரத்துக்கா சார்?” என்று பஞ்சவர்ணம் முன்னால் வந்தாள்.

“ஆமாம்மா, வாரத்துக்குத்தான்.”

“அப்ப மொத ஈத்து எனக்கு. பின்னால பேச்சு மாறக்கூடாது.”

போனில் யாரோ அவரிடம் கத்திக்கொண்டிருந்தார்கள். முதல் ஈத்து என்றது அவர் காதில் முதல் ஈடு என்று விழுந்தது, மிஷினில் போட்டு எடுக்கிற முதல் ஈடு புளியைத்தான் கேட்கிறாள் என்று நினைத்துக்கொண்டார். “எடுத்துக்கம்மா. முதல் ஈடு, ரெண்டாவது ஈடு எல்லாம் உனக்குத்தான்.”

“ஐயய்யோ, அதெப்படி? ரெண்டாவது உங்களுக்கு சார். அடுத்தவுக பொருளு எனக்கு வேணாம்.”

அவர் சிரித்துக்கொண்டே ஜீப்பில் ஏறினார். ஊரே சாட்சியாக நின்று பார்த்தது. ஜீப் போன பிறகு நாங்கள் கோழிகளை எண்ணினோம். எல்லாம் சரியாக இருந்தது, அதுவே எங்களுக்கு உறுத்தலாக இருந்தது.

பஞ்சவர்ணம் மிஷினைக் கொட்டத்தில் நிறுத்தி, முன்காலில் கயிறு கட்டி முளைக்குச்சியில் முடிந்தாள். காலையில் சாணி தெளித்த கையோடு அதன் உடம்பைத் துடைத்தாள், மத்தியானம் மூட்டுக்கு மூட்டு வேப்பெண்ணெய் விட்டாள், பனி இறங்குகிற மாலைகளில் சாக்கு போர்த்தினாள், கோழி ஏறி எச்சம் போட்டால் விரட்டினாள். வாரத்துக்கு வந்ததை எப்படி வளர்க்க வேண்டுமோ அப்படி வளர்த்தாள்.

வேலை என்று பார்த்தால் மிஷின் ஒன்றும் சூரப்புலி இல்லை. மிதிகட்டை டவுனில் யாரோ நெட்டையான ஆளின் காலுக்கு அளந்து வைத்தது, பஞ்சவர்ணத்துக்கு நுனிவிரல்தான் எட்டியது. காய்ந்த புளியென்றால் தள்ளிவிடும், புதுப்புளியென்றால் தொண்டையில் அடைத்துக்கொண்டு நிற்கும். அவள் கையை விட்டு அடைப்பை எடுத்துவிட்டு, “தின்னத் தெரியாம தின்னா இப்பிடித்தான்” என்று அதன் முதுகில் செல்லமாக ஒரு தட்டு தட்டுவாள். தணிகைவேல் வரவே இல்லை. வாரத்துக்கு விட்டவர் அடிக்கடி வந்து பார்க்கமாட்டார் என்பது தெரிந்ததுதான், ஆகவே அதில் மட்டும் எங்களுக்குச் சந்தேகம் வரவில்லை.

ஆடி பிறந்த சமயத்தில் மிஷின் மந்தமானது. அவளுடைய அண்ணன் மனைவி சீனியம்மா ஆட்டு விஷயத்தில் கைராசிக்காரி. ஒருநாள் அவள் வந்து குனிந்து தகரத்தின் அடிவயிற்றைத் தடவிப் பார்த்தாள், தட்டிப் பார்த்தாள், காதை வைத்துக் கேட்டாள்.

“சினை புடிச்சிருக்கு.”

“நெனச்சேன் மதினி. கொஞ்ச நாளா ஊத்துற எண்ணெயெல்லாம் போன எடம் தெரியல” என்றாள் பஞ்சவர்ணம்.

மிஷின் சினை பிடித்திருக்கிறது என்ற செய்தி டீக்கடைக்கு வந்து சேர்ந்தபோது யாரும் வாயைப் பிளக்கவில்லை. வாரத்துக்கு விட்டது சினை பிடிக்கத்தானே செய்யும். எங்கள் மண்டையைக் குடைந்தது வேறு கேள்வி. தகப்பன் யார்? பஸ் ஸ்டாப் மாவு மிஷின் என்று சிலர் சொன்னார்கள், ஆனால் அது பெல்ட்டில் கட்டிக் கிடக்கிற ஜென்மம். பஞ்சாயத்துத் தண்ணீர் மோட்டார் கிணற்றைவிட்டு ஏறியதே இல்லை. கடைசியில் எல்லாருடைய கண்ணும் பஞ்சவர்ணம் வீட்டுக்கு எதிர்வீட்டில், எப்போதும் கதவு திறந்தே கிடக்கிற டெய்லர் இன்னாசியின் தையல் மிஷின்மேல் போய் நின்றது. இன்னாசியின் மனைவி ஆரோக்கியம் தெருவில் இறங்கிவிட்டாள்.

“எங்க மிஷினு வாசப்படி தாண்டுனத யாருடி பாத்தீக? கல்யாணத்துக்கு எங்கப்பா சீரா குடுத்த மிஷினுடி அது! அதுமேலயா பழி போடுறீக?”

இன்னாசி மறுநாளே தையல் மிஷினின் காலைச் சங்கிலி போட்டுப் பூட்டினார். பூட்டுகிறாரென்றால் ஏதோ இருக்கிறது என்று நாங்கள் உறுதிசெய்துகொண்டோம்.

ஆவணியில் ஒரு விடியற்காலை மிஷின் குட்டி போட்டது. சீனியம்மாதான் பக்கத்திலிருந்து பிடித்தாள். முழங்கால் உயரத்துக்கு, எண்ணெய்ப் பிசுக்கோடு, கால்கள் நடுங்க நின்றது அது. தாயைப்போலவே நீலம், தாயைப்போலவே இரண்டு காது. ஆனால் மிதிகட்டையைப் பார்த்தவர்கள் எல்லாம் திரும்பி எதிர்வீட்டைப் பார்த்தார்கள், ஏனென்றால் அது பூவேலை செய்த இரும்புத் தட்டு, அசல் தையல் மிஷினின் மிதிகட்டை. ஆரோக்கியம் கதவைச் சாத்திக்கொண்டாள். இன்னாசி மட்டும் ஆள் இல்லாத நேரம் பார்த்துத் தெருவைக் கடந்து வந்து, சட்டைப் பையிலிருந்து சின்ன எண்ணெய்க் குப்பியை எடுத்து, குட்டியின் சக்கரத்தில் ஒரு சொட்டு விட்டுவிட்டுப் போவார்.

குட்டி வளர்ந்தது. இடுப்பு உயரத்தில் வளர்ச்சி நின்றபோது மிதிகட்டை சரியாகப் பஞ்சவர்ணத்தின் பாதத்துக்கு வந்து நின்றது. புதுப்புளி, பழம்புளி, ஈரப்புளி எதைப் போட்டாலும் அது அடைத்துக்கொள்ளவில்லை, எங்கள் ஊர்ப் புளியின் பிசுபிசுப்பு அதற்குப் பிறவியிலேயே தெரிந்திருந்தது. ஒருநாள் மத்தியானம் அவள் வேலையை முடித்து, கையைக் கழுவி, தட்டில் சோறு போட்டு, ரசத்தை ஊற்றி, உப்பைத் தூவி, கையால் பிசைந்து சாப்பிட்டாள். எரியவில்லை. அவளுக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது, சந்தோஷம் தாங்காமல் இன்னொரு தட்டு போட்டுச் சாப்பிட்டாள்.

ஊர் தன் வழியில் இதைச் சரிப்படுத்திக்கொண்டது. கால்நடை முகாமுக்கு அவள் குட்டியைத் தள்ளிக்கொண்டு போனபோது, டாக்டர் சுற்றிவந்து பார்த்துவிட்டு, இது என் பிரிவில் வராதம்மா, ஆனால் குட்டி திடமாகத்தான் இருக்கிறது என்று சொல்லி அனுப்பினார். கரண்டு திருடுகிறாளா என்று பார்க்க வந்த லைன்மேன் எங்கேயும் வயர் இல்லாததைக் கண்டு இன்னும் அதிகமாகச் சந்தேகப்பட்டு, கொட்டத்தின் கூரையைப் பிரித்துப் பார்த்து, திரும்ப மேய்ந்துவிட்டுப் போனார். வீட்டுக்கு வீடு மிக்சிக்கும் கிரைண்டருக்கும் வேப்பெண்ணெய் தடவி, கயிறு கட்டி, வயிற்றைத் தொட்டுப் பார்த்தார்கள். ஒன்றும் நடக்கவில்லை. அதெல்லாம் காசு கொடுத்து வாங்கியது, வாரத்துக்கு வந்ததா என்ன என்று சீனியம்மா சொன்னாள்.

பெண்கள் ஒவ்வொருத்தியாகக் குடோனை விட்டுவிட்டுக் கொட்டத்துக்கு வந்தார்கள். தாய் மிஷினில் நெட்டைக்காரிகள், குட்டி மிஷினில் குட்டைக்காரிகள் என்று முறை வைத்து மிதித்தார்கள். சௌந்தரபாண்டி முதலாளி ஆள் விட்டு மிரட்டவில்லை, சத்தம் போடவில்லை. தெருவில் எதிர்ப்பட்டால், “என்ன பஞ்சவர்ணம், குட்டி நல்லாருக்கா?” என்று விசாரித்தார். அவர் அப்படி அன்பாக விசாரித்த நாளில் நாங்கள் கோழிகளை இரண்டு தடவை எண்ணினோம்.

தை பிறந்த அன்று இரண்டாவது ஈத்து. பெட்டைக்குட்டி என்றாள் சீனியம்மா, எப்படித் தெரியும் என்று கேட்டவர்களை ஒரு முறை முறைத்தாள். மாட்டுப் பொங்கலன்று பஞ்சவர்ணம் தாயின் இடது காதில் குங்குமத்தை எண்ணெயில் குழைத்து அழுத்தமாக ஒரு பொட்டு வைத்தாள். புதுக் குட்டியைத் தனியாகக் கட்டினாள். அதை யாரையும் மிதிக்க விடவில்லை.

“சும்மாதான நிக்குது, ஒரு கூடை போட்டு எடுத்துக்கிருவமே” என்றாள் சீனியம்மா.

“அது சாரோட குட்டி மதினி. தொடாதீக.”

இவ்வளவு நேர்மையாக ஒருத்தி இருக்கிறாளென்றால் பின்னால் பெரிதாக எதையோ அமுக்கப் போகிறாள் என்று ஊர் பேசிக்கொண்டது. அவள் காதிலும் அது விழுந்தது. அவளும் இந்த ஊர்க்காரிதான், ஆகவே கோபப்படவில்லை. வேறு யாராவது இப்படி இருந்தால் நாமும் அப்படித்தான் பேசியிருப்போம் என்று நினைத்துக்கொண்டாள்.

மறு மாசியில் தணிகைவேல் வந்தார். ஜீப்பில் இல்லை, சௌந்தரபாண்டி முதலாளியின் லாரியில், முதலாளிக்குப் பக்கத்து சீட்டில். ஆளே இளைத்திருந்தார். நடுவில் அவரை வேறு மாவட்டத்துக்கு அனுப்பிவிட்டார்களாம், திரும்பி வந்து பார்த்தால் கோணப்பாறையில் விட்ட மிஷின் என்ன ஆனது என்று மேலே கேட்டுக் குடைகிறார்களாம். கொட்டத்துக்குள் வந்தவர் ஒன்றுக்கு மூன்றாக நின்றதைப் பார்த்துத் திகைத்துவிட்டார்.

பஞ்சவர்ணம் முகமெல்லாம் மலர, “வாங்க சார்! ஒங்க குட்டியப் பாருங்க, அந்தா தனியா நிக்கிறது. ஒரு கை படாம வச்சிருக்கேன்” என்றாள்.

“எந்தப் பட்டறையிலம்மா செஞ்சீங்க இதையெல்லாம்?”

“பட்டறையில செய்யல சார். இங்கனயேதான் போட்டுச்சு.”

“யார் போட்டா?”

“அதோட ஆத்தாதான்.”

முதலாளி பின்னாலிருந்து தொண்டையைச் செருமினார். “நாஞ் சொல்லல சார்? ஒங்க மிஷினப் பாத்து நகல் எடுத்துட்டாளுக. இப்ப மூணும் ஒங்க மையத்துக்குச் சொந்தம். லாரி நிக்கிது, ஏத்திருவோம்.”

“நான் வாரத்துக்குன்னுதானம்மா விட்டுட்டுப் போனேன்” என்றார் தணிகைவேல். குரல் கெஞ்சுகிற மாதிரி இருந்தது.

“ஆமா சார். வாரத்துக்குத்தான் வளத்தேன்.”

“ஐயோ, வாரம்னா வாரம்மா! ஞாயிறு, திங்கள், செவ்வாய்! ஒரு வாரத்துக்கு ஓட்டிப் பாருங்கன்னு சொன்னேன்!”

தாய் மிஷினின் சக்கரம் எங்கேயோ கிறீச்சிட்டது.

“ஏழு நாளைக்கு எந்த ஆடு சார் சினை புடிக்கும்?” என்று பஞ்சவர்ணம் கேட்டாள். கிண்டலாக இல்லை, உண்மையாகவே புரியாமல் கேட்டாள்.

ஊர் கூடிப் பேசியது. டவுன்காரர் வேண்டுமென்றேதான் இரண்டு அர்த்தம் வருகிற சொல்லைப் போட்டார் என்றது ஒரு கட்சி. அவளுக்கும் இது முதலிலேயே தெரியும், தெரிந்துதான் தெரியாத மாதிரி வாங்கினாள் என்றது இன்னொரு கட்சி. ஆனாலும் வழக்கம் வழக்கம்தான். தாயும் இரண்டாம் ஈத்தும் சாருக்கு, தலையீத்து பஞ்சவர்ணத்துக்கு என்று தீர்ப்பு சொன்னோம்.

தணிகைவேல் கண்ணைத் துடைத்துக்கொண்டார். “நான் மேல போய் என்னன்னு சொல்வேன்? மிஷின் குட்டி போட்டுச்சு, ஒண்ண அந்தம்மாவுக்கு விட்டுட்டேன்னா? என் வேலை போயிரும். மன்னிச்சிருங்கம்மா.”

முதலாளியின் ஆட்கள் மூன்றையும் தூக்க வந்தார்கள். பஞ்சவர்ணம் மறிக்கவில்லை. மிஷின் மிஷினாகக் குனிந்து, காலில் கட்டியிருந்த கயிறுகளை அவிழ்த்துச் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டாள். ஓடும்போது சாயாமலிருக்கக் கட்டவேண்டும், கயிறு வேண்டும் என்று லாரிக்காரர் கேட்டார்.

“எங்கூர்ல உசுரக் குடுத்தாலும் அதக் கட்டுன கயித்தக் குடுக்குறதில்ல. போங்க” என்றாள்.

லாரி கிளம்பியபோது தலையீத்துக் குட்டியின் மிதிகட்டை தானாக மேலும் கீழும் ஆடிக்கொண்டே போனது. மேடுபள்ளமான ரோடு அப்படி ஆட்டியது என்று சொன்னவர்களும் உண்டு. எதிர்வீட்டு இன்னாசி தையல் மிஷின்மேல் துணியைப் போர்த்திவிட்டு அன்று முழுக்கக் கடையைத் திறக்கவில்லை.

அதற்குப் பிறகு பெண்கள் குடோனுக்குத் திரும்பினார்கள். முதலாளி யாரையும் குத்திக்காட்டவில்லை, வாங்கம்மா வாங்க என்று அவரவர் இடத்தைக் காட்டினார். பஞ்சவர்ணம் மட்டும் போகவில்லை. காலிக் கொட்டத்தில் ஒற்றையாக உட்கார்ந்து, பக்கத்து ஊர்ப் புளியை வாங்கி வந்து, இரும்புக் கம்பியால் தட்டினாள். விரல் மறுபடியும் உரிந்தது, மறுபடியும் கரண்டியை எடுத்தாள். சீனியம்மா வந்து, “அவென் குடோன்ல பேச்சுத்தொணைக்கு ஆளாச்சும் இருக்கு பஞ்சவர்ணம், வந்துரு” என்று கூப்பிட்டபோது அவள் தலைக்குமேல் கூரையில் தொங்கிய மூன்று கயிறுகளைப் பார்த்துவிட்டு அடுத்த புளியைத் தட்டினாள். அவளுக்கு அழுகை வந்தது, அதை யாரிடமும் மறைக்கவும் இல்லை.

ஆடிக் காற்று புழுதியை வாரி வீசிய ஒரு மத்தியானம், லோடு ஆட்டோ ஒன்று வந்து நின்றது. தணிகைவேல் இறங்கினார். சட்டை உள்ளே விடப்படவில்லை. அவர் சிரிக்கவில்லை, அதனால் ஊர் கொஞ்சம் பக்கத்தில் போய் நின்றது. அவர் கையில் நெளிந்த நீலத் தகரம் ஒன்று இருந்தது.

“அம்மா, பெரிசு போயிருச்சு” என்றார்.

பஞ்சவர்ணம் எழுந்திருக்கவில்லை.

“அங்க போனதிலருந்து மூணுமே ஓடலம்மா. யார் மிதிச்சாலும் அசையல. பெரிய இன்ஜினியருங்க எல்லாம் வந்தாங்க. குட்டி எங்கருந்து வருதுன்னு பெரிசக் கழட்டிப் பாத்தாங்க. நான் வேணாம்னு சொன்னேன், கேக்கல. உள்ள ஒண்ணுமே இல்ல. திரும்ப மாட்டத் தெரியல. இப்ப எல்லாத்தையும் பழைய இரும்புக்குப் போட்டுட்டாங்க. நானே எடைக்கு வாங்கிட்டு வந்துட்டேன்.”

அவள் தகரத்தை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். தகரம் யாரிடம் வேண்டுமானாலும் இருக்கும், பெயின்ட் எந்தக் கடையிலும் கிடைக்கும்.

“காது?” என்றாள்.

தணிகைவேலுக்கு விளங்கவில்லை. சீனியம்மாதான் சொன்னாள். “யாரு கையில செத்தாலும் தோலும் காதும் காட்டணும் சார். இல்லாட்டி வித்துட்டீகன்னு அர்த்தம்.”

அவர் ஆட்டோவுக்கு ஓடினார். சீட்டுக்கு அடியிலிருந்து ஒரு சாக்கை இழுத்து, கொட்டத்து வாசலில் கவிழ்த்தார். மரையும் போல்ட்டும் சங்கிலியும் பல்சக்கரமுமாகக் கொட்டியது, ஒன்றுகூடத் தவறாமல் பொறுக்கி வைத்திருந்தார். அந்தக் குவியலுக்குள் கையை விட்டுத் துழாவி இரண்டு கைப்பிடிகளை எடுத்து நீட்டினார். இடது கைப்பிடியில் எண்ணெயில் குழைத்த குங்குமம் கறுத்துக் காய்ந்திருந்தது.

பஞ்சவர்ணம் அந்தக் காதை மடியில் வைத்துக்கொண்டு வாய்விட்டு அழுதாள். சீனியம்மா அழுதாள். எதிர்வீட்டு ஆரோக்கியம் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு வந்து, யாரும் கூப்பிடாமலே பக்கத்தில் உட்கார்ந்தாள். இன்னாசி வீட்டு வாசலில் நின்றபடி சட்டைப் பையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆட்டோவுக்குள் தார்ப்பாய்க்கு அடியில் இரண்டு குட்டிகளும் துருவேறி, காது தொங்கி நின்றன. தணிகைவேல் தானே அவற்றை ஒவ்வொன்றாக இறக்கினார். பெரியதை அவள் பக்கமாகத் தள்ளினார்.

“தலையீத்து உங்களுது. அன்னைக்கே நீங்க கேட்டீங்க, எனக்குத்தான் காது சரியில்ல.” பிறகு சின்னதன் முதுகில் கையை வைத்தார், எடுக்கவில்லை. “இது என்னோடது. என்னால வளக்க முடியாதும்மா. வாரத்துக்கு விடுறேன்.”

பஞ்சவர்ணம் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எழுந்து நின்றாள். எங்கள் ஊர்க்காரி, ஒருமுறை ஏமாந்தவள், அவரைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள்.

“எந்த வாரத்துக்கு சார்?”

ஊர் மொத்தமும் அவர் வாயைப் பார்த்தது. அவர் யோசித்தார், அவசரப்படாமல் யோசித்தார். போன் அடித்தது, எடுக்கவில்லை.

“ஆட்டு வாரத்துக்கு. மொத ஈத்து உங்களுக்கு. அடுத்தது எனக்கு. செத்துப்போச்சுன்னா தோலும் காதும்.”

“கயித்தக் கையில குடுத்துச் சொல்லணும் சார். அதான் மொறை.”

அவரிடம் கயிறு இல்லை. பஞ்சவர்ணம் கூரையிலிருந்து ஒன்றை உருவி எடுத்து அதன் ஒரு முனையை அவர் கையில் கொடுத்தாள். அவர் அதை வாங்கி, குட்டியின் முன்காலில் தப்பும் தவறுமாக ஒரு முடிச்சுப் போட்டு, நிமிர்ந்து, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி மறுபடியும் அந்தச் சொற்களை ஒவ்வொன்றாகச் சொல்லி, கயிற்றை அவளிடம் நீட்டினார்.

அவள் அதை வாங்கிக்கொள்ளவில்லை. ஏனென்றால் அதன் மறுமுனையை அவள் கை இதுவரை விடவே இல்லை.